போதும் என்று எந்தப் பெட்டி சொல்லும்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆரம்பக் காட்சி நினைவிருக்கும். வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கதை சொல்ல, மற்ற மூவரும் பதறுவார்கள். பகடை உருண்டு மேசையைவிட்டே ஓடும். 'நேரமாச்சு, போதும்' என்று அம்மா வந்து நிற்பார். 'இன்னும் இருபது நிமிஷம்' என்று பையன் கெஞ்சுவான்.

அந்த ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ரசிகர்களுக்கு 'டி அண்ட் டி'. பரமபதம், கேரம் மாதிரி இதற்குப் பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுடைப்பதில் கெட்டிக்காரத் திருடர். 'அந்தக் கதவை உடைக்கிறேன்' என்று வீரர் சொன்னால், உடைந்ததா, தோள்பட்டை வலித்ததுதான் மிச்சமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். இந்த வகை ஆட்டங்களுக்கு ரோல்-பிளேயிங் கேம் என்று பெயர். இதை விளையாட விதிப்புத்தகம் ஒன்று, பென்சில், காகிதம், பகடை, நான்கைந்து நண்பர்கள் இருந்தால் போதும்.

ஒரு புத்தகம் போதும் என்றால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல வீடுகளில் சுவரை அடைத்து அலமாரி அடித்து, இந்த ஆட்டங்களின் பெட்டிகளையும் புத்தகங்களையும் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? அதைவிடப் பெரிய கேள்வி, அந்த வீடுகளில் மற்றவர்கள் கேட்பது: இது எப்போது முடியும்?

தபால்தலை சேர்ப்பவருக்கு ஆல்பத்தில் காலிக் கட்டம் இருக்கும். அது நிரம்பினால் அந்தப் பக்கம் முடிந்தது. நம்மூர்க் கொலுவுக்கு நேர்மாறான வழக்கம். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்பதால் அது முடியவே கூடாது. அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை. ரோல்-பிளேயிங் கேம் சேகரிப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். மனசுக்குள் ஆல்பம் வைத்திருக்கிறார். கடைக்காரரோ அவருக்குக் கொலுப்படி கட்டிக்கொண்டே போகிறார்.

ஆரம்பத்திலேயே குழப்பம்

இந்தக் கதை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரில் தொடங்குகிறது. கேரி கைகாக்ஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போனபிறகு வீட்டிலேயே செருப்பு, ஷூ தைத்துக் கொடுத்தவர். டேவ் ஆர்னெசன், பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் போர் விளையாட்டுகளில் புதுப்புது சோதனைகள் செய்துகொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய ஆட்டத்தை எந்தப் பெரிய கம்பெனியும் சீண்டவில்லை. கைகாக்ஸ், பால்ய நண்பர் டான் கேயுடன் சேர்ந்து 1973-ல் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1974-ல் டி அண்ட் டி வெளிவந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். விலை 10 டாலர். மரப்பலகை போல் தோன்றும் தாள் ஒட்டிய பெட்டி. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். பெட்டிகளில் புத்தகங்களைப் போட்டு, மூடி, அடுக்கும் வேலையெல்லாம் வீட்டில் வைத்துக் கையால் செய்ததுதான்.

அந்த மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. விதிகளில் சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், உங்களுக்கும் சேர்த்து நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்ற தொனியில் வாசகரிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். எழுதியவர்கள் கணக்குப்படி சேகரிப்பு அங்கேயே முழுமை. மூன்று புத்தகம், ஒரு பெட்டி, முடிந்தது.

உண்மையில் அன்றைக்கே முடியவில்லை. அந்தப் பெட்டியில் பகடை இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். விளையாடத் தேவையானவை என்று புத்தகத்தில் கொடுத்த பட்டியலில் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற பலகை விளையாட்டும் இருந்தது. அது வேறொரு கம்பெனியான அவலான் ஹில் வெளியிட்டது. காட்டிலும் மலையிலும் பயணம் செய்யும்போது அதன் பலகையை வரைபடமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 'செயின்மெயில்' என்ற இன்னொரு விதிப்புத்தகமும் அதே பட்டியலில் உண்டு. ஆக, 1974-ஆம் வருஷத்து டி அண்ட் டி-யை 'முழுசாக' வைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் அவலான் ஹில் பெட்டியும் இருக்க வேண்டுமா, வேண்டாமா? ஐம்பது வருஷமாகியும் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில்.

அடுத்த வருஷமே 'கிரேஹாக்', 'பிளாக்மூர்' என்று இரண்டு துணைப்புத்தகங்கள். 1976-ல் இன்னும் இரண்டு. அவற்றில் ஒன்றான 'எல்ட்ரிட்ச் விசர்ட்ரி'யில்தான் டெமோகார்கன் என்ற அரக்கன் முதன்முதலாகத் தலைகாட்டினான். நாற்பது வருஷம் கழித்து நெட்ஃப்ளிக்ஸ் பையன்களை விரட்டிய அதே பெயர். பிறகு 'அட்வான்ஸ்டு' டி அண்ட் டி வந்தது. அதன் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்களில் பிசாசு, பூதங்களின் அகராதியான 'மான்ஸ்டர் மேனுவல்' 1977-லும், ஆடுபவர்களுக்கான புத்தகம் 1978-லும், கதை நடத்துபவருக்கானது 1979-லும் வெளியாகின. முதல் புத்தகத்தை வாங்கியவர் மூன்றும் கைக்கு வர இரண்டு வருஷம் காத்திருந்தார். அதற்குள் சேகரிப்புப் பழக்கம் தொற்றிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

'முழு' என்று பெயர் வைத்த பதினைந்து புத்தகங்கள்

1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டி.எஸ்.ஆர். ஒரு வரிசையைத் தொடங்கியது. 'தி கம்ப்ளீட் ஃபைட்டர்ஸ் ஹேண்ட்புக்'. அதாவது வீரர்களுக்கான முழுக் கையேடு. முழு என்றால் முழுதானே? இல்லை. அடுத்து திருடருக்கு ஒரு 'கம்ப்ளீட்', பூசாரிக்கு ஒன்று, மந்திரவாதிக்கு ஒன்று. குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் பாணர்களுக்கும் தனித்தனி. கடைசியாக நிஞ்ஜாவுக்கு ஒன்று வந்தபோது வரிசையில் மொத்தம் பதினைந்து புத்தகங்கள். 'முழு' என்ற சொல்லைப் பதினைந்து முறை விற்கலாம் என்று கண்டுபிடித்தவருக்கு யாராவது சிலை வைத்திருக்கலாம்.

அதே வருஷம் இன்னொரு யோசனையும் செய்தார்கள். அது நல்ல யோசனைதான். அரக்கர்கள் பற்றிய புத்தகத்தைப் பைண்டு செய்யாமல், தனித்தனித் தாள்களாக அச்சிட்டு, வளையம் போட்ட ஃபைலில் கோத்து விற்றார்கள். புதிய அரக்கர் வந்தால் தாளை வாங்கி, அகர வரிசையில் அதன் இடத்தில் செருகிக்கொள்ளலாம். எப்போதும் வளரும், எப்போதும் ஒழுங்காக இருக்கும் சேகரிப்பு! ஆனால் தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். முன்பக்கம் ஓர் அரக்கர், பின்பக்கம் வேறோர் அரக்கர். முன்பக்கத்தவரின் பெயருக்கும் பின்பக்கத்தவரின் பெயருக்கும் இடையில் வரவேண்டிய புதியவர் வந்ததும் வரிசை உடைந்துவிடும். தாளை நடுவில் உரித்தால்தான் சரியாக அடுக்க முடியும். 1993-ல் பேசாமல் எல்லாரையும் ஒரே கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் போட்டு விற்றார்கள். ஃபைல் வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்.

பெட்டிக்குள் கிரேயான்

இப்போது ஒரே ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் வேண்டாம், 1981-ல் வந்த தொடக்கநிலைப் பெட்டி, 'பேசிக் செட்', அது ஒன்று போதும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். அடக்கமான ஆசை. ஆனால் பழைய பெட்டிகள் விற்கும் இடங்களில் 'கம்ப்ளீட்' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. விதிப்புத்தகம், கூடவே தந்த சாகசக் கதைப் புத்தகம், பகடைகள் எல்லாம் இருக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு சின்ன கிரேயான் துண்டு! அன்றைய மலிவுப் பிளாஸ்டிக் பகடைகளில் எண்கள் குழியாக மட்டும் இருக்கும், நிறம் இருக்காது. வாங்கியவர் கிரேயானைத் தேய்த்து எண்ணை நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் கிரேயானைத் தேய்க்காமல் நாற்பது வருஷம் வைத்திருந்த பெட்டிக்குத்தான் மதிப்பு.

அதற்கு முந்தைய, 1977-ல் வந்த பேசிக் செட்டின் கதை இன்னும் வேடிக்கை. இடையில் பகடைத் தட்டுப்பாடு வந்ததால், பகடைக்குப் பதில் எண்கள் அச்சிட்ட அட்டையை வைத்து அனுப்பினார்கள். வெட்டித் துண்டுகளாக்கி, ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். அந்த அட்டையை வெட்டாமல் வைத்திருப்பதுதான் இன்றைக்கு 'முழு' பெட்டி. அதுவும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே சாமான் இல்லை. முதலில் வந்த பெட்டிகளில் சுரங்க வரைபடத் தாள்கள் இருந்தன. பிறகு வந்தவற்றில் அவற்றுக்குப் பதில் ஒரு சாகசக் கதை. அதற்கும் பிறகு அந்தக் கதை போய் வேறொரு கதை. எந்த அச்சில் எது உள்ளே இருந்தது என்று தெரியாதவர், இரண்டு அச்சுகளின் பொருட்களை ஒரே பெட்டியில் போட்டு, 'எல்லாம் சேர்ந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவார். விவரம் தெரிந்தவர் வந்து பார்த்தால் முகம் சுளிப்பார்.

சேகரிப்பாளர்களின் கணக்குப்படி, அந்தப் பெட்டியை வாங்கிய அன்றே பிரித்து, அட்டையை வெட்டி, ராத்திரியெல்லாம் விளையாடித் தீர்த்த பன்னிரண்டு வயதுப் பையன் அதைக் கெடுத்துவிட்டான். அட்டையை வெட்டச் சொன்னது கம்பெனிதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கிடைக்கவே கிடைக்காதவை

சில பொருட்கள் சேகரிப்பின் வாலில் நின்றுகொண்டு பல்லைக் காட்டும். 1981-ல் ஜீன் வெல்ஸ் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' அச்சாகி வந்தபிறகு, உள்ளே இருந்த சில படங்கள் பிடிக்காமல் கம்பெனியே பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. வேறொருவர் திருத்தி எழுதிய கதை பச்சை அட்டையோடு கடைக்கு வந்தது. தப்பிய ஆரஞ்சு அட்டைப் பிரதிகளுக்கு இன்றும் அடிதடி. 1986-ல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக 'அப் தி கார்டன் பாத்' என்று ஒரு சாகசக் கதையை அச்சிட்டார்கள். பூச்செடி பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? அபூர்வத்திலும் அபூர்வம்.

'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற 1980-ஆம் வருஷத்துப் புத்தகம் வேறு ரகம். முதல் அச்சுகளில் 144 பக்கங்கள். எச்.பி. லவ்கிராஃப்டின் கதைகளிலிருந்தும் மைக்கேல் மூர்காக்கின் கதைகளிலிருந்தும் எடுத்த இரண்டு அத்தியாயங்கள் அதில் உண்டு. அந்த உரிமைகளைப் போட்டி நிறுவனமான கேயாசியம் வைத்திருந்தது. போட்டியாளருக்கு நன்றி அச்சிடுவதைவிட அத்தியாயங்களையே எடுத்துவிடலாம் என்று டி.எஸ்.ஆர். முடிவு செய்ததில், பின்னால் வந்த அச்சுகள் 128 பக்கங்களாகச் சுருங்கின. ஒரே பெயர், ஒரே அட்டை, பதினாறு பக்கம் குறைவு. 128 பக்கம் வைத்திருப்பவர் தன் அலமாரியில் அந்தப் புத்தகம் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாமா? சட்டப்படி சொல்லலாம். ராத்திரி தூக்கம் வருமா என்பது வேறு.

இங்கேதான் சேகரிப்பாளர் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேவை உள்ளே இருக்கும் எழுத்தா, அல்லது அந்தத் தாளா? எழுத்துதான் என்றால், ஆரஞ்சு அட்டைக் கதையை உரிமை வைத்திருக்கும் கம்பெனியே பின்னாளில் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. 1974-ஆம் வருஷத்து மூன்று புத்தகங்களும் 2013-ல் மரப்பெட்டியில் மறுபதிப்பாக வந்தன. 2024-ல், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, கைகாக்ஸின் ஆரம்ப வரைவோடு சேர்த்து ஒரு தலையணைப் புத்தகமாகவும் வந்தன. தாள்தான் வேண்டும் என்றால் முதல் அச்சு மரத்தாள் பெட்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் எண்ணி வைக்க வேண்டும். இரண்டும் நியாயமான ஆசைகள்தான். எது தன் ஆசை என்று தெரியாமல் இரண்டுக்கும் செலவு செய்பவருக்குத்தான் பர்ஸ் ஓட்டையாகிறது.

செத்த ஆட்டம், முடிந்த சேகரிப்பு

எண் தெரிந்தவற்றை மட்டும் சேர்ப்பது ஒரு தப்பிக்கும் வழி. 'டிராகன்' பத்திரிகையின் அச்சு இதழ்கள் 1976 ஜூனில் தொடங்கி 2007 செப்டம்பரில் 359-வது இதழோடு நின்றன. அதன் தோழி 'டன்ஜன்' 150 இதழ்கள். இவற்றைச் சேர்ப்பவருக்கு எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று விரல்விட்டுச் சொல்ல முடியும். அதேபோல டி.எஸ்.ஆர். வெளியிட்ட கௌபாய் ஆட்டம் 'பூட் ஹில்'. 1975-ல் முதல் பதிப்பு, 1979-ல் பெட்டியோடு இரண்டாவது, 1990-ல் மூன்றாவது. இடையில் ஐந்து சாகசக் கதைகள். கடைப்பக்கம் பெரிதாக ஓடவில்லை. ஒரு ஷூ பெட்டிக்குள் மொத்தத்தையும் வைத்து மூடிவிடலாம். மனநிம்மதி வேண்டுபவர்களுக்குப் பூட் ஹில்லைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. சேகரிப்பு முழுமையாக வேண்டுமென்றால் அந்த ஆட்டம் நின்றுபோக வேண்டும். ரசிகராக இருப்பவர் தன் ஆட்டம் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று விரும்புவார். அதே ஆள் சேகரிப்பாளராக, இதோடு நிறுத்தித் தொலைக்க மாட்டார்களா என்று ஏங்குவார். பதிப்பு மாறும்போது இது நன்றாகத் தெரியும். டி.எஸ்.ஆர். கடனில் மூழ்கி 1997-ல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கைக்குப் போனது. இரண்டு வருஷத்தில் விசர்ட்ஸையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு, 2003-ல் அதையே திருத்தி 'மூன்றரை', 2008-ல் நான்கு, 2014-ல் ஐந்து, 2024-ல் மறுபடி திருத்தம். ஒவ்வொரு முறையும் முந்தைய பதிப்புக்காரர்களுக்குக் கோபம் வந்தது. கூடவே, 'அப்பாடா, என்னுடையது முடிந்தது' என்று சத்தமில்லாமல் ஒரு பெருமூச்சும் வந்தது. நாலாம் பதிப்பு அலமாரிக்கு இனி யாரும் புதிதாக எதையும் சேர்க்கப்போவதில்லை அல்லவா?

செத்தது செத்ததாகவே இருக்கும் என்றும் நம்ப முடியாது. விண்வெளியில் பாய்மரக் கப்பல் ஓட்டும் 'ஸ்பெல்ஜாமர்' 1989-ல் பிறந்து, சில வருஷத்தில் அடங்கி, 2022-ல் மூன்று புத்தகங்கள் கொண்ட புதுப்பெட்டியாக எழுந்து வந்தது. அடுத்த வருஷம் 'பிளேன்ஸ்கேப்'. 'காமா வேர்ல்டு' 2010-ல் திரும்பி வந்தபோது, எந்த அட்டை எந்தப் பாக்கெட்டில் இருக்கும் என்று தெரியாத சீட்டுப் பாக்கெட்டுகளோடு வந்தது. சின்னப் பிள்ளைகள் பபிள்கம்மோடு வாங்கிய கிரிக்கெட் படங்களின் தொல்லையே தான். 2016-க்குப் பிறகு இன்னொரு பழக்கம். உள்ளே அதே எழுத்து, வெளியே வேறு ஓவியர் வரைந்த அட்டை. அது விளையாட்டுக் கடைகளில் மட்டும் கிடைக்கும். அட்டைக்காக இன்னொரு பிரதி வாங்கலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்பதே இந்தப் பத்தியின் பதில். அட்டைகள் அழகாக இருப்பது வாஸ்தவம்.

பி.டி.எஃப். வந்தபிறகு அலமாரி என்ற கடைசித் தடுப்பும் உடைந்தது. சுவர் முடிந்தால் வாங்குவது முடியும் என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. 2020-ல் இட்ச்.ஐ.ஓ. தளம் நற்காரியத்துக்கு நிதி திரட்ட ஒரு தொகுப்பை விற்றது. குறைந்தது 5 டாலர் கொடுத்தால் 1,700-க்கும் மேற்பட்ட படைப்புகள். பெரும்பாலானவை கம்ப்யூட்டர் கேம்கள். மேசை ஆட்டங்களும் ஏராளம். நல்ல காரியம், நல்ல விலை. ஒரே ராத்திரியில் வாங்கியவரின் சேகரிப்பு, முந்தைய தலைமுறைக்காரர் முப்பது வருஷம் கடை கடையாக அலைந்து சேர்த்ததைத் தாண்டிவிட்டது. அவற்றில் எத்தனை ஃபைலைத் திறந்து பார்த்தார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஒரு மனக்கணக்கு

கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போகும் ஐந்து பேர், மாதம் இரண்டு முறை கூடுவதாக வைத்துக்கொள்வோம். குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸில் ஆடிட், கல்யாணம், மழை எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு இருபது சந்திப்பு தேறும். ஒரு சந்திப்பு மூன்றரை மணி நேரம். கால் ஆஃப் கதூலு ஆட்டத்தில் 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்' என்ற புகழ்பெற்ற தொடர்கதை இருக்கிறது. 1984-ல் வந்தது, 2018-ல் வந்த புதிய பதிப்பு 600 பக்கங்களுக்கு மேல். அந்த அளவுள்ள கதையை ஆடி முடிக்க நாற்பது சந்திப்பு என்று கஞ்சத்தனமாகவே கணக்குப் போடலாம். அதாவது இரண்டு வருஷம்.

இப்போது வயது நாற்பத்தைந்து. எழுபத்தைந்து வயது வரை தோழர்கள் சேர்ந்து உட்காருகிறார்கள், யாருக்கும் முட்டி வலி இல்லை, யாரும் ஊர் மாறவில்லை என்று பேராசையாகவே வைத்துக்கொண்டாலும், முப்பது வருஷத்தில் பதினைந்து பெரிய கதைகள். பதினைந்துதான். அலமாரியிலோ அறுபது நிற்கிறது. அறுபத்தோராவது தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பலர் வாங்குவதை நிறுத்திவிடுவதில்லை. வேறொன்று செய்கிறார்கள். ஆட நினைக்கும் பதினைந்தை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைக்கிறார்கள். அந்தத் தேர்வுதான் கஷ்டம். பிரபலமானது என்பதற்காக வைத்த புத்தகம் இரண்டு மாதத்தில் கீழே இறங்கும். இருபது பக்கம் உள்ள, யாரும் கேள்விப்படாத ஒரு கதை மேலே ஏறும், ஏனென்றால் அந்தக் குழுவில் ஒருவருக்குக் கப்பல் கதை என்றால் உயிர். மிச்சமிருப்பவற்றில் சிலவற்றை வாசிக்க வைத்துக்கொள்கிறார்கள். இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. இந்தப் புத்தகங்களில் நல்ல எழுத்தும் நல்ல படமும் உண்டு. நாவல் படிப்பதுபோல இரவில் படிப்பவர்கள் நிறையப் பேர். ஆடவும் போவதில்லை, படிக்கவும் போவதில்லை, வரிசை கெட்டுவிடும் என்பதற்காக மட்டும் நிற்பவை என்று மூன்றாவது கும்பல் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் அலமாரியில் பாதி.

வரிசை என்பதற்கு எவ்வளவு பலம் என்று வெளியாட்களுக்குப் புரிவதில்லை. பொன்னியின் செல்வனில் நான்காம் பாகம் மட்டும் இல்லாத வீட்டில் யாராவது நிம்மதியாக இருக்கிறார்களா? அதேதான். முதுகில் எண் போட்டு அச்சிடத் தொடங்கிய நாளிலேயே கம்பெனி பாதி வியாபாரத்தை முடித்துவிட்டது.

அப்புறம் யார்?

இன்னொரு பேச்சு இப்போதெல்லாம் இந்தக் கூட்டத்தில் அடிக்கடி எழுகிறது. கைகாக்ஸ் 2008-லும் ஆர்னெசன் 2009-லும் காலமானார்கள். அவர்களுடைய முதல் ரசிகர்களாக இருந்த கல்லூரி மாணவர்கள் இன்று எழுபதைத் தொட்டவர்கள். அந்த அலமாரிகளுக்கு அடுத்து என்ன? நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 'தி ஸ்ட்ராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள தேசியப் பொம்மைகள் மண்டபத்தில் 2016-ல் டி அண்ட் டி-க்கு இடம் கொடுத்தார்கள். அதற்காக எல்லார் வீட்டு அலமாரியையும் அங்கே கொண்டுபோய் இறக்க முடியாது.

பிள்ளைகளுக்கு எது ஆயிரம் டாலர், எது ஐந்து டாலர் என்று தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி பழுப்பேறிய அட்டைதான். வாசலில் மேசை போட்டு, எது எடுத்தாலும் இவ்வளவு என்று விற்றுவிடுவார்கள். விவரமறிந்த சேகரிப்பாளர்கள் அதனால் பட்டியல் எழுதத் தொடங்குகிறார்கள். பெயர், வருஷம், எந்த அச்சு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை, யாரிடம் விற்கலாம், யாருக்குச் சும்மா கொடுக்கலாம். பட்டியல் எழுத உட்காரும்போது ஒன்று நடக்கிறது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிலவற்றை வாங்கியதே மறந்துபோயிருக்கும். ஒரே புத்தகம் மூன்று பிரதி இருக்கும். தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி வாங்கியதன் முதல் பிரதி பின்வரிசையில் இருக்கும். 'இதை யாருக்குக் கொடுப்பது' என்ற பகுதியில் ஒரு பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நிற்கும். சில சமயம், எழுதப்போகும் அந்த ஆளுக்கு இப்போதே போன் செய்துவிடுகிறார்கள்.

பழைய பெட்டிகளை வாங்கும்போது உள்ளே அடிக்கடி கூடுதலாக ஒன்று கிடைக்கும். முந்தைய சொந்தக்காரரின் பாத்திரத் தாள். கோணல்மாணலான பென்சில் எழுத்தில் வீரரின் பெயர், பலம், வைத்திருக்கும் வாள், கயிறு ஐம்பது அடி, தீப்பந்தம் ஆறு. உயிர்ப்புள்ளி எழுதும் கட்டத்தில் அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்து ஓட்டையே விழுந்திருக்கும். விற்பவர்கள் இதைக் குறையாகப் போட்டு விலை குறைப்பார்கள். பெட்டியின் முழுப் பொருட்பட்டியலில் இந்தத் தாளுக்கு இடமில்லை.

வாங்கியவர்களில் பலர் அதைத் தூக்கிப் போடுவதில்லை. பெட்டியை மூடும் முன் அதை மடித்தபடியே, கிரேயானுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.